யூஜினி கழற்றிய காற்றாலைகள்

யூஜினிக்குத் துக்கம் என்றால் பசிக்கும். சந்தோஷம் என்றால் ஒரு வாய் இறங்காது. ஊர் உலகத்துக்கு எப்படியோ, அவளுக்கு அது தலைகீழாக அமைந்துவிட்டது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் ஒரு காலை, ரொறொன்ரோவில், வோபர்னில் அவர்கள் இருந்த அப்பார்ட்மென்ற் குசினியில் புட்டும் சம்பலும் தொடாமலே கிடந்தன. கணவர் வின்சன்ற் புட்டுக் கோப்பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"என்னப்பா, அவ்வளவு புளுகமோ?"

"ஓம். நெஞ்சு படபடக்குது. என்ர போனைச் சார்ஜில போட்டனீங்களே?"

"அதெல்லாம் போட்டாச்சு. நீர் போய் உம்மட காத்தாடியளைப் பாரும்."

படபடப்புக்குக் காரணம் இரண்டு. அண்ணன் அகஸ்ரின் குடும்பத்தோடு, போர் முடிந்த மே மாதத்திலிருந்து செட்டிகுளம் முகாமில் இருந்தார். மன்னார்ச் சனங்களை இந்தக் கிழமை பஸ்ஸில் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றும், போய்ச் சேர்ந்ததும் எப்படியாவது போன் எடுப்பதாகவும் சொல்லியிருந்தார். அது ஒன்று. மற்றது கந்தோர் வேலை விசயம். பால்டிக் கடலில் வயதாகிப்போய் நிற்கும் ஒன்பது காற்றாலைகளை என்ன செய்வது என்று அன்று காலைதான் முடிவாக இருந்தது. அந்தக் காற்றாலைகளை அகற்றத் திட்டம் போட்டவள் யூஜினி. அதைப் பிழையாகப் போட்டவளும் அவள்தான்.

பிழையைச் சொல்வதற்கு முன் ஆளைச் சொல்லிவிட வேண்டும். மன்னார்ப் பெருநிலத்தின் கடலோரத்தில் இருக்கும் விடத்தல்தீவில் பிறந்தவள். பெயரில்தான் தீவு, ஊர் தரையில் இருக்கிறது. இதை அவள் ரொறொன்ரோவில் விளக்காத ஆள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊரைவிட்டு மடுவுக்குப் போய், அங்கிருந்து கடற்கரைக்கு வந்து படகேறி இராமேசுவரம் போய், அங்கே முகாமில் கிடந்து, கடைசியில் கனடா வந்தவள். அண்ணன் ஊருக்கே திரும்பிவிட்டார். வந்த கையோடு ஸ்காபரோவில் ஒரு கொலிஜில் பொறியியல் வரைபடம் படித்தாள். படித்து முடித்ததும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சிறிய பொறியியல் கந்தோரில் சேர்ந்தாள். சேர்ந்தவள் சேர்ந்தவள்தான், அந்தக் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

கந்தோரில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால், "எது முதல், எது பிறகு எண்டு சொல்லுற வேலை" என்பாள். பாலத்தின் ஒரு துண்டைத் தூக்கி மாற்ற வேண்டும் என்றால் கிரேன் எங்கே நிற்கும், எந்தத் துண்டு முதலில் வரும், வந்ததை எங்கே வைப்பது என்று படிப்படியாக வரைந்து கொடுப்பாள். வீட்டிலும் அதே குணம்தான். குளிர்சாதனப் பெட்டிக்குள் மீனுக்கு ஓரிடம், பாலுக்கு ஓரிடம். வின்சன்ற் மாற்றி வைத்துவிட்டால் அன்றைய நாள் அவருக்கு நல்ல நாள் இல்லை. செபமாலை சொல்லும்போதுகூட அடுத்த மணியை முன்கூட்டியே விரலால் பிடித்து வைத்திருப்பாள் என்று அவர் கோயிலில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

காற்றாலை வந்த கதை இப்படி. அந்த வருடம் ஒன்ராறியோ ஏரிக்குள், ஸ்காபரோ மண்முகடுகளுக்கு எதிரே, காற்றாலைகள் நிறுத்தலாமா கூடாதா என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. ஒரு கூட்டத்தில் ஏரிக்கரை வீட்டுக்காரர் ஒருவர் எழும்பி, இருபது வருடத்தில் இதுகளுக்கு வயது போனால் ஆர் வந்து தூக்குவது என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யூஜினியின் முதலாளி கிரகாம் பின்வரிசையில் இருந்து அதைக் கேட்டார். ஊரே திணறுகிற கேள்விக்கு விடை வைத்திருப்பவனைத் தேடித்தான் வேலை வரும் என்று தெரிந்த மனிதர். எங்கேயாவது காற்றாலை ஒன்று கடலுக்குள் கிழடாகியிருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.

பால்டிக் கடலில் ஒரு குட்டித் தீவு கிடைத்தது. மற்றவர்கள் கடலுக்குள் காற்றாலை நடுவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தத் தீவுச் சனங்கள் சங்கமாகச் சேர்ந்து ஒன்பதை நட்டுவிட்டார்கள். இப்போது அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருபது வயது. இன்னும் கொஞ்சக் காலம் ஓடவிடலாம் என்றால் அடித்தளம் பலவீனமாகி வருகிறது. பெரிய புதியவற்றை நடலாம் என்றால் கடலுக்கு அடியால் கரைக்கு வரும் கேபிள் அந்த மின்சாரத்தைத் தாங்காது. மிச்சம் இருந்தது ஒரே வழி. கிரேன் ஏற்றிய பார்ஜ் என்ற தட்டைக் கப்பலைக் கொண்டுபோய், இறக்கையை அறுத்து, கோபுரத்தைத் தீயால் வெட்டி, பழைய இரும்பாக உருக்க அனுப்புவது. அதற்கு ஒழுங்கு போட்டுத் தரும்படி சங்கம் கேட்டது. கிரகாம் அதை யூஜினியின் மேசையில் வைத்தார்.

யூஜினி சந்தோஷமாக உட்கார்ந்தாள். கடல், பாரம், ஒழுங்கு. மூன்றும் அவளுக்குப் பிடித்தவை. முதலில் இறக்கைகள், பிறகு உச்சியில் இருக்கும் இயந்திரப் பெட்டி, பிறகு கோபுரத்தின் மூன்று துண்டுகள் மேலிருந்து கீழாக. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம். அந்தத் துண்டின் போல்ட்டுகள் எல்லாம் அதே இலக்கமிட்ட பெட்டிக்குள். பார்ஜில் முதலில் கழற்றியது உள்ளே போகும், கடைசியாகக் கழற்றியது வெளியே நிற்கும். கோபுரத்தின் சின்னக் கதவுக்குக்கூட அவள் ஓரிடம் ஒதுக்கியிருந்தாள். வரைபடம் அவ்வளவு வடிவாக இருந்தது. கிரகாமும் அவளில் இருந்த நம்பிக்கையில் முழுதாகப் பார்க்காமலே தீவுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் ஆறுதலாகக் கோப்பிக் கப்போடு இருந்து பார்த்தவர் எழும்பி அவளிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"யூஜினி, இதைத் திருப்பிச் சேர்த்துப் பூட்டப் போவது யார்?"

அவள் தன் படத்தைப் பார்த்தாள். வெட்டுகிற தீ அதில் ஓரிடத்திலும் இல்லை. உருக்கப் போகிற இரும்புக்கு ஏன் இலக்கம்? உடைக்கப் போகிற கோபுரத்துக்கு ஏன் கதவு? கரையில் முதலில் கோபுரம், பிறகு பெட்டி, கடைசியில் இறக்கை என்று இறங்க வேண்டிய அவசியம் என்ன? அவளுக்குக் காதுமடல் சுட்டது. அவள் போட்டிருந்தது காற்றாலையைக் கழிக்கிற திட்டம் இல்லை. விடத்தல்தீவு வீட்டைக் கழற்றி ட்ரக்டரில் ஏற்றிய ஒழுங்கு.

அந்தப் பக்கத்துச் சனங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்ற நாட்டுக்காரர் வீட்டை விட்டுவிட்டு ஓடுவார்கள், நம்மவர்கள் வீட்டையும் கழற்றிக்கொண்டு ஓடுவார்கள். முதலில் கூரைத் தகரம், அது ட்ரக்டர்ப் பெட்டியின் அடியில். அதற்கு மேல் மரங்கள், அதற்கு மேல் கதவு நிலை, எல்லாவற்றுக்கும் மேல் மண்வெட்டியும் அலவாங்கும் சோற்றுப் பானையும். போன இடத்தில் இறக்கும்போது கிடங்கு தோண்ட மண்வெட்டி முதலில் கைக்கு வரும், பிறகு மரம், கடைசியில் தகரம். கழற்றுகிற ஒழுங்கு தானாகவே பூட்டுகிற ஒழுங்காகிவிடும். தொண்ணூறில் மடுவுக்குப் போனபோது அகஸ்ரின் படகுக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்றால் தகரங்களுக்கு இலக்கம் போட, யூஜினி கூடவே நின்று ஆணிகளைப் பேணிக்குள் பொறுக்கிப் போட்டவள். 'கழற்று' என்று ஒருவர் சொன்னால் 'திருப்பிப் பூட்ட' என்று அவளுக்குள்ளே ஒருத்தி சேர்த்துக் கேட்டுவிடுகிறாள். இப்படி ஒரு பிழை ரொறொன்ரோவில் வேறு எந்தப் பொறியியல் கந்தோரிலும் நடந்திருக்காது.

தீவிலிருந்து பதில் சுருக்கமாக வந்தது. ஒக்டோபர் கடைசியில் சங்கத் தலைவி நேரில் வருகிறாராம், அப்போது பேசலாமாம். கிரகாம் அதைத் துக்கச் செய்தி போல வாசித்தார். திருத்திய படம் ஒன்றைப் போட்டு, மன்னிப்பும் கேட்டு அனுப்பிவிடலாம் என்றார். யூஜினிக்கு ஒரு நாள் வேலைதான் அது. அவளும் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிறு முகாமிலிருந்து அகஸ்ரின் யாருடையதோ போனில் கதைத்தார். முகாமில் கம்பிவேலியையும் தண்ணீர் வரிசையையும் விட்டால் கதைக்க ஒன்றும் இல்லாததால், உன்ர வேலை என்ன மாதிரி என்று அவர்தான் கேட்பார். இவள் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கழட்டுற வேலைக்கே பிள்ளை கனடா போனனி? அதை இஞ்சயே படிச்சனியெல்லே?"

"சிரியாதேங்கோ அண்ணை. இப்ப எல்லாத்தையும் வெட்டுற மாதிரிப் படத்தை மாத்திக் கீறவேணும்."

"வெட்டுறதோ? நல்ல சாமானையோ?" என்றார் அவர். சிரிப்பு நின்றுவிட்டது. "ஆர் சொன்னது வெட்டச் சொல்லி?"

போர் அவரிடம் ஒரு சாமானையும் மிச்சம் விடவில்லை. இடம் மாறி இடம் மாறிக் கடைசியில் தகரம் போய், ட்ரக்டர் போய், மனைவி அன்ரனெற்றின் தாயையும் முள்ளிவாய்க்கால் மண்ணில் விட்டுவிட்டு வந்த மனிதர். அந்த வசந்தம் முழுவதும் யூஜினி போரை நிறுத்தச் சொல்லி ரொறொன்ரோ வீதியில் சனத்தோடு சனமாக நின்றாள், வீட்டுக்கு வந்து அகோரப் பசியில் சாப்பிட்டாள், சாப்பிட்டுவிட்டு அழுதாள். அப்படிப்பட்ட அண்ணன் எங்கோ ஒரு கடலில் நிற்கிற, கண்ணாலும் கண்டிராத இரும்புக்காகக் கோபப்படுகிறார். யூஜினிக்கு அது நெஞ்சில் தைத்தது. திங்கட்கிழமை கந்தோருக்குப் போனவள் படத்தைத் திருத்த முடியாது என்றாள்.

கிரகாம் அவளை வேலைக்கு வந்த நாளிலிருந்து அறிவார், இப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை. "அப்படியென்றால் அவை திரும்பவும் நிற்கும் என்று காட்டு" என்றார். "ரோகிணி நிற்காது என்று சொன்னால் வெட்டு. அதற்குப் பிறகு பேச்சு இல்லை."

ரோகிணி இரும்புக்கு நாடி பார்க்கிறவள். உடுமலைப்பேட்டைக்காரி, யூனியன்வில்லில் வீடு, யூஜினியை விடப் பதினைந்து வயது இளையவள். எவ்வளவு ஆட்டம் ஆடினால் இரும்பு களைத்துப்போகும், களைத்த இரும்பு எங்கே வெடிக்கும் என்று கணக்குப் போடுவது அவள் தொழில். இருவரும் ஒரே மொழியைத்தான் பேசினார்கள் என்று பெயர். முதல் வருடம் முழுவதும் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்கக்கா, வயசானதைத் தூக்கி மறுபடி நிக்க வெக்கறதா? காலெல்லாம் களைச்சுப் போயிருக்குமே."

"எல்லா இடமுமோ களைச்சது?"

"அது பார்த்தாத்தானே தெரியும்."

"அப்ப பாருமன்."

ரோகிணி பார்த்தாள். தீவுக்காரர் வருடா வருடம் எடுத்த அளவுகளை எல்லாம் வரவழைத்து, ஒவ்வொரு கோபுரத்தையும் துண்டு துண்டாகக் கணக்குப் போட்டாள். அந்த நாட்களில் யூஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், ரோகிணியின் மேசைக்குப் பின்னால் போய் நிற்பாள். "அக்கா, மூச்சு என் கழுத்துல படுதுங்க" என்று ரோகிணி திரும்பாமலே சொல்வாள்.

ஒரு நாள் பின்னேரம் ரோகிணி கதிரையைத் திருப்பினாள்.

"கீழ்த்துண்டு போச்சுங்கக்கா. அலையும் ஐஸும் அடிச்சு அடிச்சு, ஒன்பதுலயும் போச்சு."

யூஜினி பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அதுக்குள்ள ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? முழுசாக் கேளுங்க. மேல் ரெண்டு துண்டும் நல்லா இருக்கு. அலை அங்க எட்டலை. அந்த ரெண்டை மட்டும் தரையில நட்டா இன்னும் நல்லா வருசக்கணக்கா ஓடும். குட்டையாத்தான் நிக்கும். நின்னா என்ன? எங்க ஊர்ப்பக்கம் வெளிநாட்டுல கழட்டின பழசுகளைக் கொண்டாந்து எவ்வளவு நட்டிருக்காங்க தெரியுமா? காத்து என்ன, புதுசா பழசான்னு பார்த்தா அடிக்குது?"

"ஒன்பதுமோ?"

"ஆறுங்க. மூணுக்கு இறக்கையில கீறல். அதை மத்த ஆறுக்கும் உதிரிப் பாகமா வெச்சுக்கலாம். உங்க ஊருல ஒரு டிராக்டர் ஓடறதுக்கு நாலு டிராக்டரைக் கழட்ட மாட்டீங்களா?"

"நாலு தேவையில்லை. ரெண்டு காணும்" என்றாள் யூஜினி. அதற்குப் பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் கிரகாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

இப்படியாகத்தான் அந்தக் காலை வந்து சேர்ந்தது. புட்டை அப்படியே விட்டுவிட்டு யூஜினி கந்தோருக்குப் போனாள். சங்கத் தலைவி முன்னமே வந்து இருந்தார். கெஷ்டின் என்று பெயர், அறுபது வயது தாண்டிய நெட்டையான மனுஷி. கையால் பின்னிய கம்பளித் தொப்பியை மேசையில் கழற்றி வைத்திருந்தார். அந்த ஒன்பதையும் நடும்போது படகில் நின்று பார்த்தவராம். அவருடைய குசினி யன்னலால் பார்த்தால் ஐந்து தெரியுமாம். இரவல் அலங்காரம் ஒன்றும் இல்லாத மனுஷி என்று யூஜினிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதனால் பயமும் கூடியது.

தன்னுடைய போனை நிறுத்தாமல் மேசையில் வைக்க அனுமதி வேண்டும் என்று யூஜினி கேட்டாள். காரணத்தையும் சொன்னாள். எங்கள் நாட்டில் சண்டை முடிந்திருக்கிறது, என் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். கெஷ்டின் தலையை ஆட்டி, போனைத் தன் கையாலேயே யூஜினியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

யூஜினி சொல்லத் தொடங்கினாள். தொடங்கியதும் பயம் போய்விட்டது. எந்தத் துண்டு எப்படி இறங்கும், எது எங்கே போகும் என்று படத்தில் விரலை ஓட்டி ஓட்டிக் காட்டினாள். ரோகிணி தன் கணக்கைச் சொன்னாள், நல்லதை நல்லது என்றும் போனதைப் போனது என்றும் சொன்னாள். கிரகாம் செலவு கூடும் என்பதை ஒளிக்கவில்லை. வெட்டினால் கெதியில் முடியும், போல்ட்டுப் போல்ட்டாகக் கழற்றினால் பார்ஜ் அதிக காலம் நிற்க வேண்டும். கெஷ்டின் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"இந்த ஆறையும் எங்கே நிறுத்துவது?"

யூஜினிக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், எத்தனையோ தடவை யோசித்தும் பார்த்துவிட்டாள்.

"தெரியாது" என்றாள். "வாங்குவதற்கு இன்னும் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டைக் கழற்றும்போதும் எங்கே பூட்டப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. இடம் தெரியட்டும் என்று இருந்தால் எல்லாம் போயிருக்கும். கழற்றுகிறபோது ஒழுங்காகக் கழற்றினோம். இடம் பிறகு வந்தது."

கெஷ்டின் யோசித்தார். நல்ல மனுஷிதான், ஆனால் சங்கத்தின் காசுக்குக் காவல் இருக்கிறவர்.

"அது உங்கள் வீடு" என்றார் மெல்ல. "நீங்களே கழற்றி, நீங்களே கொண்டுபோய், நீங்களே பூட்டினீர்கள். இலக்கம் போட்டதில் அர்த்தம் இருக்கிறது. இது அப்படி இல்லையே. முகம் தெரியாத ஒருவருக்காக என் சனங்கள் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? அவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

நியாயமான கேள்வி. யூஜினி படத்தில் இருந்த விரலை எடுத்தாள். கிரகாம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோகிணி மேசைக்கு அடியால் அவளுடைய முழங்காலைத் தட்டினாள். முடிந்தது, அந்தக் கோபுரங்களை வெட்டப் போகிறார்கள் என்று யூஜினிக்கு விளங்கிவிட்டது. நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பசிக்கத் தொடங்கியது.

அப்போது போன் அடித்தது.

நீளமான, அறியாத இலக்கம். யூஜினி மன்னிப்புக் கேட்கக்கூட மறந்து போனைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினாள்.

"பிள்ளை, வந்திட்டம்."

"எங்க அண்ணை? எங்க நிக்கிறியள்?"

"ஊரிலதான். பின்னேரம் பஸ்ஸால இறக்கிவிட்டவங்கள். நாலு பேரும் வந்திட்டம். அன்ரனெற் பக்கத்தில நிக்கிறா. பிள்ளையள் கடலைப் பாக்கவெண்டு ஓடிட்டுதுகள்."

யூஜினி சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணீர் தன்பாட்டுக்கு ஓடியது.

"அழுறியே?" என்றார் அகஸ்ரின். "சாப்பிட்டனியோ?"

"இல்லை."

"அப்ப சந்தோசத்தில அழுறாய். அழு, அழு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டைப் பற்றிக் கேட்டாள்.

"சுவர் நிக்குது. கூரை இல்லை. போன வருசம் சண்டைக்கு நாங்கள் திரும்பவும் வெளிக்கிடேக்க ட்ரக்டர் பாதித் தகரத்தைத்தான் கொண்டது. மிச்சத்தையும் கழட்டி, இலக்கம் போட்டு, வீட்டுக்குள்ள அடுக்கிப்போட்டுத்தான் போனனாங்கள். வந்து பாத்தால் அதைக் காணேல்லை."

"களவு போட்டுதோ?"

"பொறு பிள்ளை, சொல்ல விடு. ரெண்டு வளவு தள்ளி ஒரு கொட்டில் நிக்குது. முந்தின பஸ்ஸில வந்த ஒரு பிள்ளை, புருசன் இல்லை, மூண்டு குஞ்சுகள். உள்ள வாங்கோ எண்டு கூப்பிட்டு தேத்தண்ணி தந்தது. குடிச்சுக்கொண்டு மேல பாக்கிறன், எங்கட தகரம். பச்சைப் பெயின்ற். ஒண்டுக்குப் பக்கத்தில ரெண்டு, ரெண்டுக்குப் பக்கத்தில மூண்டு, ஒழுங்கு மாறாமல் அடிச்சுக்கிடக்கு."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேக்கத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ள அந்தப் பிள்ளை சொல்லுது, கூரை போட ஒரு ஆம்பிளையும் இல்லாமல் யோசிச்சுக்கொண்டு இருந்ததாம். பிறகு பாத்தால் எல்லாத்திலயும் இலக்கம் கிடந்துதாம். பாத்துப் பாத்துத் தனிய நிண்டு அடிச்சதாம். ஆரோ புண்ணியவான் எனக்கெண்டே எழுதி வச்ச மாதிரிக் கிடந்துது அண்ணை எண்டு சொல்லுது. பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"

யூஜினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இஞ்ச மழை இருட்டிக்கொண்டு வருது. இண்டைக்கு எங்களையும் அங்கயே படுக்கச் சொல்லிச்சுது. எங்கட தகரத்துக்குக் கீழதான் பிள்ளை படுக்கப் போறம்" என்று சொல்லி அகஸ்ரின் சிரித்தார். "சரி, இது ஆரோடயோ போன், காசு முடிஞ்சுபோம். பிறகு எடுக்கிறன்."

யூஜினி முகத்தைத் துடைத்தாள், துடைத்தும் பிரயோசனம் இல்லாமல் அப்படியே உள்ளே போனாள். மூன்று பேரும் எழும்பி நின்றார்கள். அவள் கெஷ்டினைப் பார்த்து, கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். தகரத்தை, பச்சைப் பெயின்றை, மூன்று குழந்தைகளின் தாயை, தேத்தண்ணியை, மழையை. அதைக் காற்றாலையோடு பொருத்திப் பேச அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற சந்தோஷத்தைத்தான் சொன்னாள், மற்றவை கூடவே வந்தன. நடுவில் ஆங்கிலம் தடுமாறியபோது ரோகிணி எடுத்துக் கொடுத்தாள்.

கெஷ்டின் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். இலக்கங்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். கோபுரத்தின் சின்னக் கதவு வரைந்திருந்த இடத்தில் விரல் நின்றது.

"கழற்றுங்கள்" என்றார். "நீங்கள் வரைந்தபடியே. நல்லது ஆறு, உதிரிக்கு மூன்று. கரையில் எங்கள் பழைய மீன்துறை வளவு சும்மா கிடக்கிறது, இடம் வரும் வரைக்கும் அங்கே இருக்கட்டும். தேடுவது எங்கள் பாடு. என் சனங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்கு இப்போது தெரியும்."

கிரகாம் கதிரையில் தொப்பென்று இருந்தார். ரோகிணி யூஜினியின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். யூஜினி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். மேசையில் இருந்த பிஸ்கட் தட்டை யாரோ அவள் பக்கம் தள்ள, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

கெஷ்டின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போனார். அங்கே நின்று திரும்பினார்.

"ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த மீன்துறை வளவில் உப்புக் காற்று, மழை, பனி எல்லாம் அடிக்கும். எவ்வளவு காலம் கிடக்க வேண்டி வருமோ தெரியாது. இலக்கங்கள் அழியாமல் இருக்க என்ன பெயின்ற்?"

"படகுக்குப் பூசுகிற பெயின்ற்" என்றாள் யூஜினி. "பச்சை."